அபிப்ராயக்காரியும் ஒரு குடம் வெள்ளமும்

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் உட்கார்ந்து கற்றதுதான். எழுத்துப் பிழை இருக்கும், முன்னது பின்னதாக வரும், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இப்போது பிள்ளைகள் எல்லாம் மலையாளம்தான் எழுதுகிறார்கள். நம் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, தெரிந்த ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத ஆள் தேடித் தேடிக் கடைசியில் என்னிடம் வந்தார்கள். வேறு யாராவது கிடைத்திருந்தால் நான் இதில் இறங்கியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால், ஏன் போட்டீர்கள் என்று ஓர் அபிப்ராயம் சொல்வாள். போடாவிட்டாலும் சொல்வாள். போடாமல் வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குச் சுலபம்.

அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. நம் ஆட்கள்தான். அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர், அம்மா கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சந்தில் இருந்தவள். ஒற்றைக்கட்டை. கல்யாணம் ஏன் வேண்டாம் என்பதற்கும் அவளிடம் அபிப்ராயம் இருந்தது, அதைக் கேட்ட தரகர் திரும்பி வரவில்லை. கழுத்தில் எப்போதும் டாக்டர் குழல் மாதிரி ஹெட்போன் தொங்கும். யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றின் மாடியில் வீடியோ கேம் செய்கிற சின்ன ஆபீஸ் இருந்தது. அவர்கள் செய்கிற கேமை வெளியே விடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே சரி, எங்கே பிழை என்று சொல்வது அவளுடைய ஜோலி. இப்படியும் ஒரு ஜோலி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கடவுள் அவளைப் படைத்துவிட்டு, பிறகு அவளுக்காகவே அந்த ஜோலியையும் படைத்திருக்க வேண்டும்.

குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம் மேலே படபடவென்று வெடிச்சத்தம். கூடவே அவள் குரல், "கொல்லுடா, கொல்லு, பேடியா உனக்கு?" என்று. பேடி என்றால் எங்கள் பேச்சில் பயம். நான் உலக்கையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றுவிட்டேன். மேலே போகவும் பயம், கீழே வரவும் பயம். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, பேடிச்சுட்டீங்களா? ஒண்ணுமில்ல. என்னைத்தான் சுட்டாங்க."

"உன்னையா?"

"அதே. காலையில இருந்து செத்துச் செத்து எழுந்திரிக்கேன். இனி ஒரு சாயா குடிச்சிட்டுத்தான் சாகணும். உலக்கை எதுக்கு? எனக்குத் துணைக்கு வந்தீங்களா, இல்ல எதிராளியா?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன். நான் அப்படித்தான். சுக்குக் கிடங்கில் இஞ்சி பொறுக்கிய காலத்திலேயே என்னை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கூலியைக்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் கேட்பேன்.

அவளோ வாயைத் திறந்தால் "என் அபிப்ராயம் என்னன்னா" என்றுதான் தொடங்குவாள். வைப்பின் தீவுக்குப் போகிற படகில் பக்கத்தில் இருப்பவர் வாங்கிய மீனைப் பார்த்துவிட்டு, கேட்காமலே, "என் அபிப்ராயம் என்னன்னா, இது நேத்து செத்தது" என்பாள். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவிடமே, பாயசம் கொள்ளாம், அதாவது நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை எப்படின்னு போகப்போகத் தெரியும் என்றாள். சந்தில் அவளுக்கு அபிப்ராயக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவள் காதுக்கும் போயிற்று. "என் அபிப்ராயம் என்னன்னா, அந்தப் பேரு கொள்ளாம்" என்றாள்.

எல்லாவற்றையும்விட அவள் அபிப்ராயம் கொதிக்கிற இடம் கேம்தான். நான் பூ கட்டிக்கொண்டிருப்பேன். அவள் வந்து உட்கார்ந்து, உலகத்தில் எங்கேயோ யாரோ செய்த கேமில் முடிவு சரியில்லை என்று அடித்துப் பேசுவாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஒருநாள் என்னை எர்ணாகுளத்துப் பக்கம் சினிமாவுக்கு அழைத்துப் போனாள். ஒரு கேமைப் படமாக எடுத்திருந்தார்கள். காட்டில் தொலைந்த தங்கையைத் தேடிப் போகிற ஒருத்தியின் கதை. இடைவேளையில் பின்வரிசையில் இருந்த ஒரு பையன் தன் கூட்டாளியிடம், "ஹீரோயின் போராடா. கேமிலே அவ எந்தொரு சுந்தரி!" என்றான். போரா என்றால் போதாது, அழகு பற்றாது என்று அர்த்தம். இவள் கழுத்தைத் திருப்பினாள்.

"மோனே, காட்டுல ராப்பகலா ஓடறவளுக்கு யாரு பவுடர் போட்டு விடறது? நீயா?"

சுற்றிலும் சிரித்தார்கள். பையன் விடவில்லை. "சேச்சி அந்த கேம் கண்டிட்டுண்டோ?"

"கண்டது மட்டுமில்ல, முடிச்சிருக்கேன். நீ?"

"நானும் முடிச்சு."

அவன் கூட்டாளி உடனே அது பொய் என்று போட்டுக் கொடுத்தான். "நுணா! இவன் ஈஸியில வச்சுத்தான் முடிச்சது!"

கேமில் எளிதாக விளையாட ஒரு வழி, கஷ்டமாக விளையாட ஒரு வழி என்று இருக்குமாம். எளிதில் முடித்தவனைக் கஷ்டத்தில் முடித்தவன் மதிக்க மாட்டானாம். இதை வைத்து உலகம் முழுவதும் சண்டையாம். எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். இவளும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். இவள் அந்தக் கூட்டாளியின் பக்கம் விரலை நீட்டினாள்.

"ஈஸியில முடிச்சா என்னடா? ஏணி வச்சுப் பறிச்சா மாங்கா புளிக்காதா? அவனுக்கு அந்தக் கதை வேணும், முடிச்சான். உனக்குப் பெருமை வேணும், கஷ்டப்படு. அவன் அவளைப் பத்திச் சொன்னது தப்பு. முடிச்சது தப்பில்ல."

பையன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அன்றுதான் எனக்குப் புரிந்தது, இவள் ஆளைப் பார்த்துப் பக்கம் சேருகிறவள் இல்லை என்று. அவளுக்குக் காரியம்தான் முக்கியம். இப்போது திட்டியவனுக்காகவே அடுத்த நிமிஷம் சண்டை போடுவாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் படத்தைப் பற்றிய அபிப்ராயம் வந்தது. "கேமுல அந்தப் பாழடைஞ்ச வீட்டுக் கதவு இருக்கே, அதைத் திறந்தது நான் பெரியம்மா. திறக்கவா வேண்டாமான்னு வேர்த்தது என் கை. படத்துல அவளே திறந்துட்டா. நான் சும்மா பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். என் அபிப்ராயம் என்னன்னா, கேமைப் படமாக்கறவங்க கதையை எடுத்துட்டுப் போறாங்க, கையை விட்டுட்டுப் போறாங்க."

எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அழுதேன்கூட. சொல்லவில்லை.

"நீங்க அழுததைப் பார்த்தேன்," என்றாள். "அதுவும் ஒரு அபிப்ராயம்தான். வாயைத் திறந்து சொன்னா என்ன?"

சாயாக்கடைச் சேட்டன் ஒருமுறை சரியாக மாட்டிக்கொண்டார். பேப்பரில் எதையோ படித்துவிட்டு, இந்த வெடிவைப்புக் களியால்தான், சுடுகிற விளையாட்டால்தான், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், எல்லாவற்றையும் நிரோதிக்கணும், அதாவது தடை பண்ணணும் என்று பேசினார். இவள் கிளாஸைக் கீழே வைத்தாள். கேமுக்காகப் பரிந்து பேசப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"சேட்டா, சின்னப் பிள்ளை கையில கொடுக்கக் கூடாத கேம் இருக்கு. நானே கொடுக்க மாட்டேன். ஆனா நீங்க தப்பான ஆளைப் பிடிக்கிறீங்க. வெடி வைக்கிற கேம், வெடி வைக்கிறேன்னு சொல்லிட்டு வைக்குது. இன்னொரு ஜாதி இருக்கு. பூவும் பொம்மையும் பாட்டுமா இருக்கும். நடுவுல ஒரு மூடின பெட்டியைக் காட்டும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, காசு போட்டாத் திறக்கும். பிள்ளை அப்பா போனை எடுத்துத் திறந்துட்டே இருக்கும். அது சூதாட்டம். அதை நிரோதிங்க, நான் முன்னால நின்னு கொடி பிடிக்கிறேன்."

"அப்போ உங்க ஆபீஸும் அந்தப் பெட்டி வச்சா?"

"வச்சா அன்னைக்கே செருப்பை மாட்டிட்டு இறங்கிடுவேன்."

அது வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் சாயாக்கடையில் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. அவளுக்கு அடுத்த மாத வாடகையைவிட அபிப்ராயம் பெரிது. அதுதான் எனக்கு அவளிடம் பயம். அந்த வாய் ஒருநாள் என் பக்கமும் திரும்பிற்று. நான் கூச்சக்காரி, யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று யாரோ என்னைப் புகழ்ந்து சொன்னார்கள். இவள், "என் அபிப்ராயம் என்னன்னா, பெரியம்மாவோட கூச்சம் அடக்கம் இல்ல, மடி. பேச மடிச்சுக்கிட்டு மத்தவங்களை விட்டுப் பேச வைக்கிறாங்க" என்றாள். மடி என்றால் எங்கள் பேச்சில் சோம்பல். எனக்குச் சுருக்கென்றது. அவளோடு பேசக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பல நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் எப்போதும் பேசாதவள்தானே.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆபீஸில் எங்கள் மட்டாஞ்சேரியையே ஒரு கேமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் சைக்கிளில் மிளகுச் சாக்கை ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகப் போக வேண்டும். வெயிலில் மிதித்து மிதித்துச் சோர்ந்துபோவாள். ஒரு சந்தில் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அங்கே நிற்கிற தமிழ்க்காரி ஒருத்தி கூப்பிடுவாள். போய்க் குடித்தால் மறுபடியும் தெம்பு வரும். குழாய் கொஞ்ச நேரம்தான் ஓடும். குடிக்காவிட்டால் சைக்கிள்காரி மயங்கி விழுவாள், ஆட்டம் தீர்ந்தது.

முதலில் அந்தத் தமிழ்க்காரியைக் கோமாளியாகத்தான் செய்திருந்தார்களாம். மூக்கில் தட்டு மாதிரி மூக்குத்தி, எதற்கெடுத்தாலும் ஐயையோ என்று அலறல். சைக்கிளால் அவள் குடத்தை இடித்துக் கவிழ்த்தால் சிரிப்புச் சத்தம் வேறு. இவள் அதைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் நடத்துகிற இளைஞனிடம் போய், "இது யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு பாண்டிக்காரி. காமெடிக்கு வச்சது, சேச்சி." தமிழ்க்காரியை இளக்காரமாக இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நானும் பாண்டிக்காரிதான். என் குடத்தையும் கவிழ்த்துப் பாரு."

அவன் நல்ல பையன். முகம் சிவந்துபோய், சேச்சியே அதைச் சரியாக்கிக் கொடுங்கள் என்று விட்டுவிட்டான். மூக்குத்தி சின்னதாயிற்று. குடம் கவிழ்ந்தால் சிரிப்புச் சத்தம் போய், சைக்கிள்காரி இறங்கி நிமிர்த்தி வைத்தால்தான் வண்டி நகரும் என்று ஆயிற்று. மிச்சம் இருந்தது குரல். அதற்கு இவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள்!

நான் மாட்டேன் என்றேன். அவள் காதில் விழவில்லை. ஜூ டவுனுக்கு இழுத்துப் போனாள். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறைக்குள் ஒரு மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வெளியே ஒருவன் தலையைச் சொறிந்தான்.

இவள் உள்ளே வந்தாள். பேசுங்கள் பேசுங்கள் என்று கெஞ்சவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள். "சந்துல பைப்புல வெள்ளம் வந்தா நீங்கதான் எல்லாரையும் கூப்பிடுவீங்கன்னு எங்க அம்மா சொல்லுவா. என் அபிப்ராயம் என்னன்னா, அது நுணை. நீங்களாவது கூப்பிடறதாவது. வேற யாரோ கூப்பிட்டிருப்பா, பேரு உங்களுக்கு."

என்ன சொல்கிறாள் இவள்! குழாய் என் வீட்டு வாசலில் இருந்தது. விடியற்காலையில் முதல் சொட்டுச் சத்தம் கேட்பது எனக்குத்தான். சந்து முழுவதும் என் குரலில்தான் எழுந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் நான் உரக்கப் பேசியது அது ஒன்றுதான். அதையும் இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்கிறாளே!

"யாருடி சொன்னா? நான்தான் கூப்பிட்டேன்!" என்றேன். "இப்படித்தான் கூப்பிட்டேன்! வெள்ளம் வருது! வெள்ளம் வருது! குடம் எடுங்கடீ!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வாயைப் பொத்தி நான் பார்த்தது அன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். மலையாளம் கலந்து கலந்து எங்கள் தமிழில் அப்படி ஆகிவிட்டது. வெள்ளம் குடித்தாயா, வெள்ளம் கொதித்ததா என்றுதான் கேட்போம். தமிழ்நாட்டில் வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வந்தது? எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. இருவரும் மட்டாஞ்சேரியில் வளர்ந்த வாய்.

கேமைத் தமிழ்நாட்டில் சில பேருக்கு விளையாடிப் பார்க்க அனுப்பினார்கள். அவர்கள் விளையாடுவதை இங்கே திரையில் பார்க்கலாம். முதல் ஆள் சந்துக்குள் வந்தான். என் குரல் கேட்டது. வெள்ளம் வருது! அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு, கல்படியில் குடுகுடுவென்று ஏறி ஓட்டுக்கூரை மேலே போய் உட்கார்ந்துகொண்டான். வெள்ளம் வரட்டும் என்று காத்திருந்தான். கீழே குழாய் ஓடி ஓடி நின்றது. மேலே இருந்தபடியே சைக்கிள்காரி மயங்கி விழுந்தாள். அடுத்த ஆளும் கூரைக்கு ஓடினான். அதற்கடுத்தவள் மிளகுச் சாக்கையும் தூக்கிக்கொண்டு ஓடினாள், நனையக் கூடாதாம். எல்லோரும் எழுதி அனுப்பியது ஒன்றுதான். வெள்ளம் வரும் வரும் என்று ஒரு கிழவி கத்துகிறாள், கடைசிவரை வரவே இல்லை.

கேமுக்குப் பணம் போட்ட சென்னைக்காரர் சொல்லிவிட்டார், அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும், சென்னையில் ஒரு நடிகையை வைத்துத் 'தண்ணி வருது' என்று பேச வைத்துச் சேர்க்க வேண்டும் என்று. காரியம் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட மாதிரிதான். ஆபீஸ் நடத்துகிற அந்தப் பையன் சரி என்று தலையை ஆட்டிவிட்டான். இவள் ஆட்டவில்லை. திரையில் அவரோடு பேச ஒரு நாள் வாங்கினாள். என்னையும் கூட்டிப் போனாள். "உங்க குரலை எடுக்கப் போறாங்க. நீங்க இல்லாம எப்படி?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் குரல் போனால் போகட்டும் என்றுதான் முதலில் இருந்தது. வழியில் நடக்கும்போதுதான் மனசு மாறிற்று. எங்கள் சந்துப் பேச்சு எந்தப் பாட்டிலும் இல்லை, படத்திலும் இல்லை. படத்தில் வந்தால் கேலிக்கு வரும். முதல்தடவையாக ஓர் இடத்தில் மரியாதையாக ஏறியிருக்கிறது. அதையும் அழித்துவிட்டுச் சென்னைக்காரி வந்து எங்கள் குழாயடியில் நிற்பாளா?

திரையில் அந்தச் சென்னைக்காரர் கண்ணாடி போட்டு, மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க உணர்வு புரியுது. ஆனா இது தப்புத் தமிழ். எங்க ஊர்ல வெள்ளம்னா ஃப்ளட்."

"எங்க ஊர்ல வெள்ளம்னா வெள்ளம் சார். கேம் உங்க ஊர்லயா நடக்குது?"

"விளையாடறவங்களுக்குப் புரியணும்ல?"

"புரியணும். புரிய வைக்கறது கேமோட ஜோலி. உங்க ஊருக்கு யாராவது வந்தா, அவன் பாஷையை நீங்க பேசுவீங்களா? அவன் ரெண்டு நாள் தடுமாறுவான், அப்புறம் கத்துப்பான். அதுதான் ஊருக்குப் போறது. என் அபிப்ராயம் என்னன்னா..."

"மேடம், உங்களுக்கு ரொம்ப அபிப்ராயம்," என்றார் அவர். "டெஸ்டர் வேலை பிழை சொல்றது. முடிவு பண்றது இல்ல. இப்படியே இருந்தா அடுத்த கேமுக்கு வேற டெஸ்டர் பார்க்க வேண்டி வரும்."

ஆபீஸ் பையன் மேஜையைப் பார்த்தான். இனியாவது வாயை மூடுவாளா என்று பார்த்தேன்.

"வேற ஆளு பாருங்க சார்," என்றாள். "ஆனா அவ தமிழ்க்காரியா இருந்தா, அவளும் இதையேதான் சொல்லுவா. சொல்லலைன்னா நீங்க தப்பான ஆளை எடுத்திருக்கீங்க."

அவர் பேச்சை நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று, கூரைக்கு ஓடினவர்களின் ஆட்டத்தைத் திரையில் போட்டார். முதல் ஆள் ஓட்டின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். கீழே குழாயில் பளபளவென்று வெள்ளம் கொட்டுகிறது. வீணாகப் போகிறது! எவ்வளவு வெள்ளம்! என் குடம் அங்கேயே இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. குழாய் நிற்கப் போகிற சத்தம் எனக்குத் தெரியும், இழுத்து இழுத்து வரும். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"அடேய், அங்கே ஏன்டா ஏறி உட்கார்ந்திருக்கே? கோழியா நீ? வெள்ளம் தீரப் போவுது, குடிக்க இறங்கி வாடா!"

நான் கத்தியது எனக்கே அப்புறம்தான் கேட்டது. முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனேன். அதற்குள் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பேச்சே வரவில்லை அவளுக்கு. என் கையை விடாமல், மற்றொரு கையால் கூரையைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், மறுபடி கூரையைக் காட்டினாள்.

ஆபீஸ் பையனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "சேச்சி... கூரையில ஏறினா இந்த வாய்ஸ் கேட்கணும்!"

"அதே!" என்று குதித்தாள் இவள். "ஏறட்டும் சார், எல்லாரும் ஏறட்டும்! தப்பாப் புரிஞ்சுக்கிட்டு ஏறினவனுக்குத்தான் இந்த வசவு கிடைக்கும். இறங்கி வந்து குடிப்பான். அதுக்கப்புறம் சாகறவரைக்கும் மறப்பானா, வெள்ளம்னா என்னன்னு? ஒரு சொல்லை மாத்த வேண்டாம். ஒரு வசவு சேர்த்தாப் போதும்!"

திரையில் சென்னைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, அந்தக் கோழியை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. கேட்டுச் சொன்னால் வருமா எனக்கு? நல்லவேளை, பேசினது எல்லாம் தானே பதிவாகியிருந்ததாம். இன்னும் ஒரு தடவை வெளியூர் ஆளை விளையாட வைத்துப் பார்ப்போம், அதிலும் புரியாவிட்டால் நடிகைதான் என்று அவர் முடித்தார்.

அந்த ஆட்டத்தை நான் நேரில் இருந்து பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் விளையாடினாள். அவள் முகம் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. என் குரல் கேட்டதும் பதறிப்போய்க் கூரைக்கு ஏறினாள். உட்கார்ந்தாள். கீழேயிருந்து என் வசவு போயிற்று. அவள் திடுக்கிட்டாள். கீழே குழாயைப் பார்த்தாள். "ஐயோ, வெள்ளம்னா தண்ணியா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தடதடவென்று இறங்கி வந்து குடித்தாள். சைக்கிள்காரிக்குத் தெம்பு வந்தது. அதோடு அவள் போய்விடவில்லை. திரும்பவும் கூரை மேல் ஏறினாள், என் வசவை இன்னொரு தடவை கேட்க!

ஆபீஸில் மேஜைகளைத் தட்டினார்கள். கீழே பழைய சாமான் கடைக்காரர் ஏதோ இடிந்துவிட்டதென்று மேலே ஓடி வந்தார். இவள் என்னை அப்படியே தூக்கிவிட்டாள். என் வயதில் ஒருத்தியைத் தூக்கலாமா?

கேம் வெளிவந்த பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும் என்று சொல்கிறார்கள். அந்தக் கூரையில் ஏறாத ஆள் இல்லையாம். இது தமிழா என்று சிலர் இணையத்தில் சண்டைக்கு வந்தார்கள். இவள் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அபிப்ராயம் எழுதினாள். நாங்களும் இப்படித்தான் பேசுவோம் என்று பாலக்காட்டிலிருந்து எழுதினார்கள், துபாயிலிருந்து எழுதினார்கள். வேலை போகவில்லை. சென்னைக்காரர் அடுத்த கேமுக்கு அவளைத்தான் வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் என் வீட்டு முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து டிவியில் அதைப் பார்த்தார்கள். வெள்ளம் வருது என்று கேட்டதும், பழக்கதோஷத்தில் இரண்டு பேர் குடம் எடுக்க எழுந்துவிட்டார்கள்! அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இந்தச் சந்து அதற்குமுன் சிரித்ததில்லை. மலையாளத்துக்காரர்களும் வாசலில் நின்று சிரித்தார்கள். எங்களைப் பார்த்து இல்லை, எங்களோடு.

அப்புறம் அவளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என் காலில் விழுந்தாள். எழுந்ததும், "என் அபிப்ராயம் என்னன்னா, இந்தப் படி ரொம்பச் செங்குத்து, கைப்பிடி போடுங்க" என்றாள். போட்டேன். இப்போது மாடியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிறார்கள். நல்லவர்கள். எதைக் கேட்டாலும் பரவாயில்லை என்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. சாயாக்கடையில் நேற்று ஒருவர் கேம் விளையாடுவது நேரத்தைக் கொல்வது என்று சொன்னபோது, நானே நின்று, அப்படிச் சொல்லாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். காரணமும் சொன்னேன்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். நான் அந்த கேமை விளையாடினதில்லை, என் விரல் அதற்கு வளையாது. ஆகவே சிலது தப்பாக எழுதியிருப்பேன். கூரைக்குப் போகிற படி குழாய்க்கு இடது பக்கமா வலது பக்கமா, சைக்கிளில் இருந்தது மிளகா சுக்கா, நான் கோழியா என்றேனா காக்காயா என்றேனா, இதெல்லாம் நிச்சயமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அந்தக் கூரையில் ஏறி உட்கார்ந்து, நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டுச் சரிபார்த்துத் திருத்துங்கள். எழுத்துப் பிழையையும் திருத்துங்கள். வெள்ளத்தை மட்டும் தண்ணீர் என்று திருத்த வேண்டாம்.